மறந்ததா, விட்டதா

கண்ணாடிக்கூடு துளசிமணியின் மடியில் கிடந்தது. கறுப்பு ரெக்ஸின் கூடு, ஓரமெல்லாம் தேய்ந்து உள்ளே இருக்கிற அட்டை தெரிந்தது. திறந்து பார்த்தாயிற்று. வயசான ஆம்பளைகள் போடுகிற பெரிய கண்ணாடி, ஒரு காலில் வெள்ளை நூலை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. பச்சைச் சேலைக்காரப் பெண் அதை ஜன்னல் திண்டில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். விட்டுவிட்டு என்றால் மறந்துவிட்டு. இல்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டு. இந்த இடத்தில்தான் துளசிமணியின் புத்தி முள்ளில் மாட்டிய முந்தானை போல் நின்றுகொண்டிருந்தது. பவானி கூடுதுறையில் பெண்கள் துணி மாற்றுகிற அறைக்கு அவள்தான் காவல், அவள்தான் கூட்டுகிறவள், உள்ளே பெண்கள் இருக்கும்போது எவனாவது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் அவன் வம்சத்தையே இழுத்து நிறுத்துகிறவளும் அவள்தான். இன்றைக்கு அமாவாசையும் இல்லை, விசேஷமும் இல்லை, வெயில் மட்டும் இருந்தது. பச்சைச் சேலைக்காரி தன் அண்ணனோடு அப்பாவின் அஸ்தியைக் கொண்டு வந்திருந்தாள். முதல் முழுக்குப் போட்டுவிட்டு வந்து, ஈரச்சேலையை மாற்றிக்கொண்டு, படித்துறைக்கு இறங்கிப் போனாள். இப்போது கீழே, அண்ணனுக்குப் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஐயரின் குரல் காற்றில் பாதி வருகிறது, பாதி ஆற்றோடு போகிறது. காரியம் முடிந்ததும் அஸ்தியை விட்டுவிட்டு, தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, நேரே படியேறி வேனுக்குப் போய்விடுவார்கள். ஐயர் சொல்லுவார், திரும்பிப் பார்க்காமல் போகச் சொல்லி. எல்லோருக்கும் சொல்லுவார். அதற்குள் முடிவு பண்ணியாக வேண்டும். கையில் கொடுப்பதா, கண்டும் காணாமல் இருப்பதா. முன்பென்றால் இதற்கெல்லாம் யோசனை எதற்கு, கையில் எடுத்த மறுநிமிஷம் துளசிமணியின் வாய் படித்துறையைத் தாண்டி அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

வாய் என்றால் அப்படி ஒரு வாய். பெண்கள் இங்கே என்னதான் மறக்க மாட்டார்கள். ஈரத்தில் விரலிலிருந்து நழுவிய மெட்டி, தலைக்குக் குத்துகிற கிளிப், பீரோ சாவி, ஒரு தடவை தாராபுரத்துப் பெரியம்மா ஒருத்தி பல் செட்டையே தண்ணீர் மக்கில் போட்டு வைத்துவிட்டுப் போய், துளசிமணி அதை மக்கோடு தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியிருக்கிறாள். அந்தப் பெரியம்மா பொக்கை வாயோடு சிரித்து, அங்கேயே திரும்பி நின்று பல்லை மாட்டிக்கொண்டு, பிறகு மறுபடியும் ஒரு தடவை பல்லோடு சிரித்துக் காட்டியது. அந்த இரண்டாவது சிரிப்புக்காக இன்னும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடலாம் என்று இருந்தது. பொருளைத் தொலைத்தவர்களின் முகம் போகிற போக்கு அவளுக்கு அத்துப்படி. முதலில் ரத்தம் வடிந்துவிடும், கை தானாகக் கழுத்துக்கோ இடுப்புக்கோ போகும், அப்புறம் துளசிமணியின் கையில் இருப்பது கண்ணில் படும், பட்டதும் ஒரு வெளிச்சம். "நீ நல்லா இருக்கோணும் சாமி, உன்ற கொழந்த குட்டியெல்லாம் நல்லா இருக்கோணும்." இதைக் கேட்கிறபோது வயிற்றுக்குள் எதுவோ குளிர்ந்து இறங்கும். வீட்டில் யார் சொல்கிறார்கள். சோறு போட்டால் சாப்பிடுவார்கள், துணி துவைத்தால் உடுத்துவார்கள். புருஷன் சென்னியப்பன் தறிக்குடோனிலிருந்து வந்து, "ஊருல தொலைச்சவங்களுக்கெல்லாம் தேடிக் குடுக்கற, என்ற சட்டைப் பித்தான் போயி ஒரு மாசமாச்சு, அது உன்ற கண்ணுல படாது" என்பார். திருப்பூரில் கட்டிக் கொடுத்த மகள் போன் பண்ணினால் அவள் மாமியார் கதைதான். குறை ஒன்றும் இல்லை, வீடு என்றால் அப்படித்தான், ஆனாலும் முன்பின் தெரியாத ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு நல்லா இரு என்று சொல்வது வேறு. அந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. பொருள் கிடைத்ததும், ஐயோ பாவம் யாருதோ என்று தோன்றுவதற்கு முன்னால், அந்த முகம் எப்படி மலரும் என்றுதான் இவளுக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. அது தப்பா? தப்பென்று யாரும் சொல்லவில்லை. பூக்கடை ராசம்மா, "உனக்குப் புண்ணியம் மூட்ட மூட்டயாச் சேருது" என்று கேலி பேசினாள். அந்தக் கேலியும் இனிப்பாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்தத் தண்ணீர் பாட்டில் வந்தது. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். ஆனால் நினைக்காமல் எப்படி இருக்க முடியும், அறைக்குள் மூன்றாவது ஆணி இன்னும் அங்கேதான் இருக்கிறது, அதில் யாராவது துணியை மாட்டப் போனால், "அது ஆடுதுங்க, பக்கத்துல மாட்டிக்கங்க" என்று இவள் பொய் சொல்கிறாள். நீலநிறப் பாட்டில், தோளில் மாட்டுகிற வார் வைத்தது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டு போவது. மூடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர், அதில் பேனாவால் பெயர். துளசிமணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். மிருதுளா. அந்தப் பாட்டிலோடு வந்தவளுக்கு முப்பது வயசு இருக்கும், கழுத்தெலும்பு தெரிகிற உடம்பு, அவளும் புருஷனும்தான், கூட்டம் கிடையாது. யாருடைய காரியம் என்று இவள் கேட்கவில்லை. அன்றைக்கு என்னவோ கூட்டம் அதிகம், கேட்கிற நேரமில்லை. அதுகூடப் பொய். கேட்கவில்லை, அவ்வளவுதான். அறையைக் கூட்டும்போது மூன்றாவது ஆணியில் பாட்டில் தொங்குவதைப் பார்த்தாள், வெளியே வந்து பார்த்தால் அவர்கள் இரண்டு பேரும் படியேறி முடித்துக் கோபுரத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். பெயர் தெரியாதவளை எப்படிக் கூப்பிடுவது? பொம்பளையைக் கூப்பிடுவதற்கு நம் ஊரில் என்ன கஷ்டம், பிள்ளை பேரைச் சொல்லி அம்மா என்று சேர்த்தால் தீர்ந்தது. இவளையே தெருவில் பாதிப் பேர் கவிதாம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். துளசிமணி பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். "மிருதுளாம்மா! ஏனுங் மிருதுளாம்மா! பாட்டில விட்டுட்டுப் போறீங்களே!" பாட்டிலில் பாதி தண்ணீர் இருந்தது. ஓட ஓட அது களக் களக் என்றது. இவள் இன்னும் பலமாகக் கத்தினாள். "மிருதுளாம்மா!"

அவள் திரும்பினாள். புருஷன் அவள் முழங்கையைப் பிடித்தான், வேண்டாம் என்பது போல. அதை மீறித் திரும்பினாள். அந்த முகம். அப்படி ஒரு வெளிச்சத்தைத் துளசிமணி அதுவரைக்கும் எந்த முகத்திலும் பார்த்தது கிடையாது. மெட்டி கிடைத்தவர்கள், சாவி கிடைத்தவர்கள், யாருக்கும் அப்படி வந்ததில்லை. கண் இவளைப் பார்க்கவே இல்லை, இவளுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில் எதையோ தேடியது. அப்புறம்தான் பாட்டிலைப் பார்த்தது. பார்த்து அப்படியே நின்றது. துளசிமணி மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே, "நல்ல வேளை நான் பாத்தேன், இல்லாட்டி கொழந்த ஊட்டுக்குப் போனதும் உங்களக் கேட்டிருக்குமில்ல?" என்றாள். ஐயோ, அதையும் சொன்னாள். வாய், இந்த வாயைக் கொண்டு போய் எங்கே வைப்பது. அந்தப் பெண் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாங்கி, வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள், சின்ன வார், அவளுக்கு அக்குள் வரைக்கும்தான் வந்தது. "ரொம்பத் தேங்க்ஸ்ங்க்கா" என்றாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. இவள் கையைத் தொட்டுவிட்டுப் போனாள். இதைத் துளசிமணி ராசம்மாவிடம் சொன்னாள், டீக்கடையில் சொன்னாள், சென்னியப்பனிடம் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். படிச்ச பொண்ணு, எத்தனை மரியாதை, தேங்க்ஸ்ங்க்கான்னா பாரு. ஐயர் மட்டும் மறுநாள் போகிற போக்கில், "கர்மா முடிச்சுண்டு போறவாளப் பின்னாலேர்ந்து கூப்பிடப்படாதும்மா, அதுவும் பேரைச் சொல்லி" என்றார். அவருக்கு என்ன, எதற்கெடுத்தாலும் ஒரு சாஸ்திரம் என்று இவள் ராசம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள். கண்ணடித்தாள், அதுவும் ஞாபகம் இருக்கிறது.

ஆடி அமாவாசைக்கு அந்தப் புருஷன்காரன் தனியாக வந்தான். தூரத்திலேயே இவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, இன்னொரு நன்றி வருகிறது என்று முகத்தைச் சிரித்தாற்போல் வைத்துக்கொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "அன்னைக்குக் கூப்ட்டது நீங்கதானுங்களே?" என்று கேட்டான். "ஆமாங்க, நானேதான்" என்றாள், பெருமையாக. அவன் கோபப்பட்டிருக்கலாம். திட்டியிருக்கலாம். இவள் திருப்பி நாலு திட்டு திட்டி, அன்றைக்கே அது தீர்ந்திருக்கும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அத அவ மறக்கலீங்க. ஊட்ல இருந்து கெளம்பும்போதே சொல்லிட்டுத்தான் வந்தா. பாப்பாவோடத எல்லாம் குடுத்துட்டோம், இது ஒண்ணத்தான் கைய விட்டு எறக்காம இருந்தா. ஆத்துல எறிய மனசு வராது, எங்கியாச்சும் மாட்டிட்டு வந்தர்றேன், எந்தக் கொழந்தையாவது எடுத்துக்கட்டும்னா. மாட்டிட்டும் வந்துட்டா." தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இப்ப மறுக்காவும் கைய விட்டு எறக்க மாட்டேங்கறா. இன்னொரு தடவ விடறதுக்கு அவளுக்குத் தெம்பு இல்லீங்க." முகத்தில் வைத்திருந்த சிரிப்பைத் துளசிமணி அவசரமாக எடுத்துவிட்டாள். "உங்க மேல தப்புச் சொல்லலீங்க. நல்லதுக்குத்தான் கூப்ட்டீங்க. தோணுச்சு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." போய்விட்டான். எந்த ஊர் என்றுகூட இவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பஸ் பிடித்துப் போயிருக்கலாம். போய் என்ன செய்வது? காலில் விழலாம். விழுந்தால் அவள் எழுப்பிவிட்டு, ரொம்பத் தேங்க்ஸ்ங்க்கா என்பாளோ என்னவோ. எதற்கு அந்தத் தேங்க்ஸ்? இதுதான் தூங்கவிடாமல் குடைகிறது. பாட்டிலுக்கா? மரியாதைக்குச் சொன்னதா? இல்லை, அத்தனை நாளும் எல்லோரும் பத்திரமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த பெயரை ஒருத்தி நடுத்தெருவில் பலமாகக் கூப்பிட்டாளே, அதற்கா? அந்த ஒரு நிமிஷம் அவள் மறுபடியும் மிருதுளாம்மாவாக இருந்தாளே, அதற்கா? அப்படி இருந்துவிட்டால் தேவலை என்று இவள் ஆசைப்படுகிறாள். ஆசைப்படுவதற்கும் வெட்கமாக இருக்கிறது, தனக்குக் கிடைத்த நன்றி பொய்யாகிவிடக் கூடாது என்று இன்னும் தவிக்கிறோமே என்று.

கீழே ஐயர் எள்ளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பச்சைச் சேலைக்காரி முழங்காலைக் கட்டிக்கொண்டு ஆற்றையே பார்த்தாள். காவிரி ஒரு நிறம், பவானி ஒரு நிறம், கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆறு ஒன்று அடியில் வந்து சேர்கிறதாம், எல்லோரும் சொல்கிறார்கள். துளசிமணி கூட்டைத் திறந்து மூடினாள். இப்போதே எழுந்து போய்க் கொடுத்துவிட்டால்? காரியத்துக்கு நடுவில் போய் நீட்டினால் ஐயர் பார்வையாலேயே பொசுக்கிவிடுவார். முடிந்த பிறகு கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வைத்த பாவம். கூப்பிடாமலே இருந்துவிட்டால்? அவள் உண்மையிலேயே மறந்திருந்தால்? வீட்டுக்குப் போய்ப் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடுவாள். அப்பன் மூக்கில் இருந்த கண்ணாடி, அந்த நூலை அந்த மனுஷனே சுற்றியிருப்பார், எழுபது வயசுக்காரர் வேலை அது, முடிச்சைப் பார்த்தாலே தெரிகிறது. அதைத் தேடி அழுவாள். அந்த அழுகை யார் கணக்கில் போய்ச் சேரும்? விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சே மோசமான பேச்சு. குடையை விட்டுட்டுப் போனாள் என்கிறோம், புருஷன் விட்டுட்டுப் போயிட்டான் என்கிறோம், அப்பா எங்களை எல்லாம் விட்டுட்டுப் போயிட்டாரு என்று அழுகிறோம், எல்லாவற்றுக்கும் ஒரே சொல். அன்றைக்கு இவள் அதைத்தான் சொல்லிக் கத்தினாள், விட்டுட்டுப் போறீங்களே என்று. அந்தத் தாய்க்கு அது எப்படிக் கேட்டிருக்கும். அட, தன் சங்கதியையே எடுத்துக்கொண்டால் என்ன? அம்மா செத்த பிறகு அவளுடைய சுண்ணாம்பு டப்பி வெகுநாள் வீட்டில் கிடந்தது, ஒரு நாள் ஜன்னலில், ஒரு நாள் அடுப்பு மேடையில். எடுத்து வைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. வீடு மாறி வந்தபோது அது வரவில்லை. மறந்தாளா, விட்டாளா? இன்றைக்கு யாராவது வந்து சத்தியம் வைத்துக் கேட்டாலும் துளசிமணிக்குச் சொல்லத் தெரியாது.

குடம் ஆற்றில் விழுந்த சத்தம் கேட்டது. சத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு முங்கல். "திரும்பிப் பார்க்காம ஏறுங்கோ" என்றார் ஐயர். அண்ணன் முன்னால் ஏறினான், அவள் பின்னால். துளசிமணியின் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. முந்தானையைப் பந்தாகச் சுருட்டி அதில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர்கள் இவளைத் தாண்டிப் போனார்கள். அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காதது மறந்ததனாலா, விட்டதனாலா? முதுகு எதையும் சொல்லாது. யாருடைய முதுகும் சொல்லாது. முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றால் ஆயுசுக்கும் இப்படியே நிற்க வேண்டியதுதான் என்று ஆத்திரம் வந்தது. அப்போதுதான் உறைத்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால்தானே திரும்ப வேண்டும். துளசிமணி எழுந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அறைக்குப் பின்புறம் ராசம்மா கடைச் சந்தில் புகுந்து ஓடினாள். "எங்கடி, பல் செட்டா?" என்று ராசம்மா கேட்டாள். வேன் நிற்கிற இடத்தில் சந்து முடிகிறது. அங்கே வெளியே வந்து, பச்சைச் சேலைக்காரிக்கு நேர் முன்னால் போய் நின்றாள். அண்ணன் வேனுக்குள் ஏறிக்கொண்டிருந்தான். கூட்டை நீட்டவில்லை, உள்ளங்கையில் வைத்துக் காட்ட மட்டும் செய்தாள்.

"அம்மிணி, இத மறந்துட்டீங்களா, விட்டுட்டீங்களா?" மெதுவாகத்தான் கேட்டாள், தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அந்தப் பெண் கூட்டைப் பார்த்தாள். கை கழுத்துக்குப் போகவில்லை, முகத்தில் வெளிச்சம் எதுவும் வரவில்லை. உதடு மட்டும் கோணியது.

"தெரியலீங்க்கா" என்றாள். "அங்க வெக்கும்போது, போகும்போது எடுத்துக்கலாம்னுதான் வெச்சேன். எடுக்காம வந்தா என்னன்னும் இருந்துச்சு."

"கொண்டு போறீங்களா?"

அவள் கையை நீட்டினாள். நூல் சுற்றிய அந்தக் கண்ணாடிக் காலை நினைத்தோ என்னவோ கூட்டின் மேல் விரலை வைத்து ஒரு தடவை தடவினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"உங்ககிட்டயே இருக்கட்டுமுங்க்கா. வேணும்னா வர்றேன்."

"எப்ப வேணாலும் வாங்க கண்ணு. வராட்டியும் இது இங்கதான் இருக்கும்."

அவள் தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். நன்றி என்று சொல்லவில்லை. வேன் போனது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. துளசிமணி வெயிலில் அங்கேயே நின்றாள். இவ்வளவுதானா? ஒரு சந்து, ஒரு ஓட்டம், வாயைக் கொஞ்சம் மூடிக்கொண்டு முன்னால் போய் நின்று ஒரு கேள்வி. அன்றைக்கும் இந்தச் சந்து இங்கேதான் இருந்தது. கோபுரத்துக்கு முன்னால் போய் நின்று கேட்டிருந்தால், அந்தத் தாய் பாட்டிலைப் பார்த்து, இல்லீங்க்கா, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தோள் காலியாக ஊருக்குப் போயிருப்பாள். இவளுக்கு ஒரு தேங்க்ஸ் குறைந்திருக்கும். ராசம்மாவிடம் சொல்ல ஒரு கதை குறைந்திருக்கும்.

அறைக்குத் திரும்பி வந்து, கூட்டை முந்தானையால் துடைத்து, மூன்றாவது ஆணிக்கு நேர் கீழே மாடத்தில் வைத்தாள். ஆணி காலியாக இருந்தது. சங்ககிரியிலிருந்து வந்ததாகச் சொன்ன ஒரு கும்பல் பெண்கள் ஈரச்சேலையோடு உள்ளே வந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஆணியில் துண்டை மாட்டக் கையைத் தூக்கினாள், துளசிமணி பக்கத்து ஆணியைக் காட்டினாள். அவள் மாடத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, யாரோ கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டாங்களாட்டத் தெரியுது, ஓடிப் போய்க் கூப்புடட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாமுங்க" என்றாள் துளசிமணி. "யாரையும் கூப்புட வேண்டாம்."